பிடுங்கிய ஆணி

பட்டறைக்குள் யாரோ இருமினார்கள்.

சசிரேகா அடுப்படியில் காப்பிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். அது சும்மா தொண்டையைச் செருமுகிற இருமல் இல்லை. நெஞ்சுக்கூட்டின் அடியிலிருந்து சளியைப் புரட்டிக்கொண்டு மேலே வந்து, பாதியில் மூச்சு முட்டி, மறுபடி அடியிலேயே போய் விழுகிற கிழட்டு இருமல். புருஷன் பென்னி வந்துவிட்டான் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். நினைத்ததுமே அவள் வாய் கோணிக்கொண்டது. பென்னிக்கு ஆள் வரும்போதெல்லாம் ஓர் இருமல் உண்டு. பெங்களூர் கார் ஒன்று வாசலில் நின்றால் போதும், உலோகப் புகையில் நுரையீரலையே தியாகம் செய்தவனைப் போல நாலு இருமு இருமிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பான்.

ஆனால் பென்னி காலையிலேயே ஜீப்பை எடுத்துக்கொண்டு சேலத்துக்கு இறங்கியிருந்தான். வாசலில் ஜீப் இல்லை. வாசலே இல்லை என்றும் சொல்லலாம். மத்தியானச் சாப்பாட்டுக்கே மேகம் இறங்கி, காப்பிச் செடிகளையும் சில்வர் ஓக் மரங்களையும் நாகலூர் ரோட்டையும் ஒருசேர விழுங்கியிருந்தது. அவர்கள் குடியிருந்த பழைய எஸ்டேட் ரைட்டர் குவார்ட்டர்ஸும், அதை ஒட்டிய தகரக் கூரைப் பட்டறையும் மட்டும் வெள்ளைக்குள் நின்றன. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர்கூட நனைந்த கோணியில் விழுவதுபோல அமுங்கிக் கேட்டது.

கூடத்தில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த ஷீனா தலையைத் தூக்கினாள். சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம் முடிந்து வந்தவள், நீலப் பாவாடையைக்கூட மாற்றவில்லை.

"அம்மா, அப்பா வந்துட்டாங்களா?"

"இல்ல கண்ணு."

"அப்பறம் யாரு இருமறது?"

சசிரேகா அடுப்பை அணைத்தாள். பட்டறைச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நரியோ நாயோ கூரை இடுக்கு வழியாக உள்ளே விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கதவில் பூட்டு ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பட்டறைக்குள் அவள் கால் வைத்து நாளாகியிருந்தது. பென்னியின் கலையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் வெல்டிங் கடையில் இரும்பு கேட் செய்துகொண்டிருந்தவன்தான் அவன். பங்களா வாங்கிய யாரோ ஒரு புண்ணியவான், கோணலாகப் போன ஒரு கேட்டைப் பார்த்து, "என்னவொரு தியான நிலை!" என்று சொல்லித் தொலைத்தார். அன்றைக்கு ஏறிய பித்து இன்னும் இறங்கவில்லை. கழுத்தில் ருத்ராட்சம், அதற்குக் கீழே சிலுவை, மணிக்கட்டில் தர்காத் தாயத்து. எந்தச் சாமி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் பிடித்துக்கொள்ளலாம் என்று எல்லா வாசலையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன். வெட்டுக் கம்பி நன்றாக வளைந்தால் நடராஜர். வளையாவிட்டால் சிலுவை. ஒன்றுக்குமே உதவாமல் போனால் புத்தர். அதை வாங்கவும் ஆள் இருந்தது என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். ஊரில் பாதிப் பேருக்குக் கண் இல்லை, மீதிப் பேருக்கு வெட்கம் இல்லை என்று அடுப்போடு பேசிக்கொள்வாள்.

கதவைத் தள்ளினாள். முதலில் வாடைதான் வந்தது. வெல்டிங் கருகலும் கிரீஸும் அவளுக்குப் பழகிய வாடை. இது வேறு. யூகலிப்டஸ் தைலம், பழைய கட்டுத்துணி, காய்ச்சல்காரன் படுத்து எழுந்த பாயின் வியர்வை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மழைநாளில் வருகிற வாடை.

நடுவில் அது நின்றது. 'சர்வம்' என்று பேர் வைத்திருந்தான். கூரையைத் தொடுகிற உயரத்துக்கு ஆள் வடிவில் ஒரு கம்பிக்கூடு. எல்லா மதமும் ஓர் உடம்பில் என்று வருகிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தான். இன்னும் மூஞ்சி வைக்கவில்லை. எந்தச் சாமியின் மூஞ்சியை வைத்தால் எந்த ரிசார்ட்டுக்காரன் வாங்குவான் என்பது முடிவாகாததால், தலை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் இரும்பு வளையம்தான் இருந்தது.

கடைசியாக அவள் பார்த்தபோது அது வெறும் கூடு. இப்போது அதற்குத் தோல் வந்திருந்தது. மீன் செதில்போல அடுக்கடுக்காகத் தகரத் தகடுகள், ரிவிட் அடித்துப் பொருத்தியவை. கைகளில் கை அச்சுப் பதித்த தகடுகள். நெஞ்சில் நெஞ்சு. தலை வளையத்தைச் சுற்றிக் கொத்தாகக் கண்கள். தொடையிலிருந்து பாதம் வரைக்கும் கால்கள், கால்கள், கால்கள். ஒவ்வொரு தகட்டிலும் ஆணியைப் பிடுங்கியபோது கிழிந்த ஓட்டை ஒன்று இருந்தது.

இவை எங்கிருந்து வந்தன என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எஸ்டேட் எல்லையில், ஓடைக்கு மேலே ஒரு நாவல் மரம் நிற்கிறது. ஆணிமரம் என்பார்கள். அடியில் ஒரு கல். சேர்வராயன் சாமிக்குக் காவல்காரன் அந்தக் கல் என்று ஒருவர் சொல்வார், அந்தோணியார் உட்கார்ந்து எழுந்த கல் என்று இன்னொருவர் சொல்வார். சண்டை ஒன்றும் வந்ததில்லை. கையோ காலோ கண்ணோ, நோவு பிடித்த உறுப்பை அச்சடித்த தகரத் தகட்டைச் சேலத்தில் வாங்கி வந்து, நோவுக்காரர் பேரைச் சொல்லி மரத்தில் ஆணி அடிப்பார்கள். கோயிலில் கொடுப்பது காணிக்கை. இது காணிக்கை இல்லை. நோவை உடம்பிலிருந்து இறக்கி மரத்தில் கட்டிப்போடுவது. துருப்பிடித்துத் தகடு தானாக விழுந்தாலும் யாரும் தொடமாட்டார்கள். இலைச்சருகு மூடி மக்கிப்போகும்.

சசிரேகா இதையெல்லாம் பார்த்துச் சிரித்து வளர்ந்தவள். அதே எஸ்டேட் லைன் வீடுகளில் பிறந்தாலும் கான்வென்டில் பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள். தகரத்தில் ஆணி அடித்தால் முட்டிவலி போகுமென்றால் ஆஸ்பத்திரி எதற்கு, தச்சன் போதாதா என்று கேட்டவள். அப்புறம் ஷீனாவுக்கு நாலு வயசில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது குழந்தையின் இரண்டு காலையும் கூடவே எடுத்துக்கொண்டு போனது. சேலத்து டாக்டர்கள் பயிற்சி கொடுங்கள் என்றார்கள், பொறுமையாக இருங்கள் என்றார்கள். பயிற்சிக்குப் போய்வந்த ஒருநாள், சசிரேகா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஒரு கால் தகடு வாங்கினாள். யாரும் பார்க்காத நேரத்தில் ஆணிமரத்துக்குப் போய், "ஷீனா" என்று சொல்லி அடித்தாள். மழைக்காலம் முடிவதற்குள் ஷீனா கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

பயிற்சியா, மரமா என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. பென்னியிடம் மூச்சே விடவில்லை. சொன்னால் அதையும் ஒரு கதையாக்கி, கண்ணில் நீர் தளும்ப, கார்க்காரர்களிடம் விற்பான் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அந்த மடையன், தன் மகளின் காலும் அந்த மரத்தில் இருக்கிறது என்பது தெரியாமலே எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

கால் தகடுகளை மாறி மாறிப் பார்த்தாள். எல்லாம் ஒரே அச்சு. முட்டிக்குக் கீழே ஒரு கோடு, ஐந்து விரல், அவ்வளவுதான். எது குழந்தையின் கால், எது கிழவனின் கால் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

அவள் காதுக்கு மேலே, உயரத்தில், யாரோ மூச்சை இழுத்தார்கள். இழுத்த மூச்சு உள்ளே போகாமல் கொரகொரத்தது. நெஞ்சுத் தகடுகள் மெல்ல உரசிக்கொண்டன. பிறகு, இருமல்.

கதவைச் சாத்தியதும் பூட்டியதும் அவளுக்கு நினைவில்லை. முற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது மேகத்துக்குள்ளிருந்து ஓர் ஆள் வந்தார். ஊன்றுகோல் தரையில் குத்துகிற சத்தம், பின்னால் ஒரு கால் இழுபடுகிற சத்தம்.

"அம்மிணி! ஏனம்மிணி, ஊட்லதான் இருக்கறயா?"

காளியண்ணன். அவள் அம்மா வழியில் மாமா முறை. காப்பிச் செடி கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவர், இப்போது முழுநேரக் குடிகாரர். அவரைக் கண்டாலே மூக்கைச் சுளிக்கிறவள்தான் அவள். இன்றைக்கு ஒரு மனித முகத்தைப் பார்த்ததே போதும் என்றிருந்தது.

"வாங்க மாமா. என்னுங்க, இந்த மேகத்துல?"

"என்னுங்கவா? இதப் பாரு." வேட்டியைத் தூக்கிக் காட்டினார். முட்டி பறங்கிக்காய்போல வீங்கிப் பளபளத்தது. "தகடு அடிச்சப்பறம் இத்தன வருசமா நோவுன்னா என்னன்னு தெரியாம மலையேறி எறங்குனவன் நானு. உன்ற புருசன் மரத்தை மொட்டையடிச்சுப் போட்டானே அம்மிணி! ஒரு ஆணி பாக்கியில்லாம புடுங்கி மூட்ட கட்டிட்டு வந்திருக்கறான். மரியசெல்விக்குக் கண்ணு மறுக்கா மறைக்குதாம். கருப்பண்ணன் நெஞ்சைப் புடிச்சுட்டு நேத்திருந்து இருமறான்."

"குடிச்சுட்டு வந்து பேசறீங்களா மாமா?"

"குடிச்சா வாய்தான் கொளறும், முட்டி வீங்குமா?" அவர் பட்டறைப் பக்கம் திரும்பி, கிட்டே போகாமலே எட்டிப் பார்த்தார். "உள்ள நின்னுட்டிருக்குது, இல்ல? எங்க நோவையெல்லாம் தெச்சு அதுக்கு ஒடம்பு பண்ணிக் குடுத்திருக்கறான், பெரிய சாமியாரு. தூ!"

"இப்ப என்னங்க பண்ணோணும்ங்கறீங்க?"

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். சாவியை மட்டும் எடுத்து வெய்யி. நாளைக்குக் காத்தால ஊரே வருது. எது யாருதுன்னு அச்சடிச்சவனுக்கே தெரியாது. அதனால எல்லாரும் மரத்தடியில கூடி நின்னு, அவங்கவங்க பேரை அவங்கவங்க வாயால சொல்லி, எல்லாத் தகட்டையும் ஒருக்கா அடிச்சுப்போடோணும். ஒரு பேரு உடுபடக் கூடாது. பேரு சொல்லாத நோவு, அங்க சொன்ன வேற பேருமேல ஏறிக்கும் அம்மிணி, அதான் கணக்கு." போகத் திரும்பியவர் நின்றார். "உன்ற ஊட்ல யாருதாச்சும் அதுல இருக்குதா அம்மிணி? இருந்தா இப்பவே சொல்லிப்போடு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஆளின் வாயிலிருந்து வந்த சாராய நெடி, அழுக்கு வேட்டி, நாளைக்கு ஊரே வாசலில் நின்று 'கான்வென்ட்காரியும் தகடு அடிச்சிருக்கறாளாமே' என்று பல்லைக் காட்டப் போகிற காட்சி, எல்லாம் ஒரே நேரத்தில் அவள் தொண்டையில் வந்து நின்றது.

"எங்க ஊட்ல யாருக்குமுங்க அந்தப் பைத்தியக்காரத்தனமெல்லாம் கிடையாது" என்றாள்.

"நொம்ப சந்தோசம்" என்றார் காளியண்ணன். சத்தம் போட்டுக்கொண்டே நொண்டி நொண்டி மேகத்துக்குள் போனார். அவர் போன பிறகுதான் வாய்க்கொழுப்பு என்ன செய்துவிட்டது என்று அவளுக்கு உறைத்தது. ஓடிப்போய்க் கூப்பிட இரண்டடி எடுத்து வைத்தாள். அதற்குமேல் கால் வரவில்லை. சரி, நாளைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள்.

முற்றத்து ஓரத்தில்தான் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். பென்னிக்குப் போன் போட்டாள்.

"சசி, முக்கியமான ஆளுங்களோட இருக்கேன்" என்றான் பென்னி. பின்னால் கப்பும் சாசரும் மோதின.

"அந்தத் தகடெல்லாம் ஆணிமரத்துல எடுத்ததாங்க?"

"எடுக்கலை சசி. அதுங்க என்னைத் தேடி வந்துச்சு." குரலில் தேன் வடிந்தது. பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. "ஒவ்வொரு தகட்டுலயும் ஒரு பிரார்த்தனை இருக்கு."

"பிரார்த்தனை இல்லீங்க, நோவு இருக்குது! எடுத்த எடத்துல கொண்டுபோய் வெச்சுப்போடலாங்க. இன்னைக்கே வாங்க."

பென்னி சிரித்தான். "நீயா பேசற? பன்னெண்டாவது படிச்சவ, இந்த எஸ்டேட் ஜனங்க மாதிரி தகரத்துக்குப் போய் பயப்படறயே." ஊரைப் பார்த்து அவள் சிரித்த அதே சிரிப்பு, எழுத்துக்கு எழுத்து. பிறகு அவன் குரல் தாழ்ந்தது. "சசி, உன் பக்கத்துல யாரு நிக்கறது?"

"யாருமில்லீங்களே."

"யாரோ மூச்சு வாங்கறாங்களே. போனுக்குக் கிட்ட..."

லைன் அறுந்தது. சசிரேகா திரும்பிப் பார்க்கவில்லை. பட்டறைச் சுவர் அவள் முதுகுக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தகரத்துக்கு அந்தப் பக்கம், அவள் தலைக்கு நேராக, ஏதோ ஒன்று சாய்ந்து நின்று அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போது வீட்டுக்குள் பொத்தென்று சத்தம்.

ஷீனா கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவே தரையில் கிடந்தாள். அழவில்லை. தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எறும்பு ஊருது. அப்பறம் காலே இல்ல."

சசிரேகா அவள் முழங்காலைப் பிடித்தாள். தொடையைக் கிள்ளினாள். குழந்தை முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. பாதம் ஐஸ்கட்டிபோலச் சில்லிட்டிருந்தது. கட்டிலில் ஒரு வருஷம் கட்டைபோலக் கிடந்த அதே கால். அதைத் துடைத்து, தூக்கி, பீயும் மூத்திரமும் அள்ளி, இருட்டில் தனியாக வாயைப் பொத்திக்கொண்டு அழுதது எல்லாம் ஒரே நொடியில் திரும்பி வந்தது. இனிமேல் தாங்க முடியாது. இன்னொரு தடவை முடியவே முடியாது.

"அம்மா, பயமா இருக்கும்மா."

"ஒண்ணுமில்ல சாமி. அம்மா இருக்கறன். இந்தா வந்துடறன்."

நாளைக் காலை வரைக்கும் யார் காத்திருப்பார்கள்? அந்தக் குடிகாரன் கூட்டிக்கொண்டு வருகிற கும்பலுக்காகவா? அவரவர் முட்டிவலிக்கும் மூலத்துக்கும் நடுவே என் பிள்ளை வரிசையில் நிற்க வேண்டுமா? குழந்தையைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். கம்பளியைப் போர்த்தினாள். கதவை வெளியே தாழ் போட்டாள். அடுத்தவன் நோவு எக்கேடும் கெட்டுப் போகட்டும். எது ஷீனாவுடையது என்று தெரியாவிட்டால் என்ன? எல்லாக் காலையும் பெயர்த்துக்கொண்டு போய் அடித்துவிட்டால் அவளுடையதும் அதில் வந்துவிடாதா?

பட்டறைக்குள் கரண்டு இல்லை. திறந்த கதவு வழியாக மேகமும் அவளோடு சேர்ந்து உள்ளே வந்தது. பலகையிலிருந்து உளியையும் சுத்தியலையும் ஆணிப் பொட்டலத்தையும் ஒரு பையையும் எடுத்தாள். மேலே பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டாள். அதன் காலடியில் மண்டியிட்டு, முதல் தகட்டின் அடியில் உளியைக் கொடுத்து நெம்பினாள்.

தகடு சூடாக இருந்தது. காய்ச்சல் சூடு. ரிவிட் தெறித்தபோது மேலே ஒரு முனகல் எழுந்தது. புண்ணில் கட்டைப் பிரிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவார்களே, அது. அவள் நிறுத்தவில்லை. அடுத்தது. அடுத்தது. விரல் கிழிந்து ரத்தம் வந்தது. ஒரு தகட்டின் அடியில் நாடி துடித்தது. இன்னொன்றிலிருந்து சீழ் வாடை. அவள் தலைமுடியில் ஏதோ சொட்டியது. கூரைத் தண்ணீர்தான். கூரைத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்காது என்று தெரிந்தும், கூரைத் தண்ணீர்தான் என்று சொல்லிக்கொண்டாள். கடைசிக் கால் தகடு பையில் விழுந்ததும், அந்தப் பெரிய கம்பிக்கூடு ஒரு தடவை நடுங்கி, பெருமூச்சு விட்டது. பாரம் இறங்கியவர்கள் விடுகிற மூச்சு.

அவள் ஓடினாள்.

காப்பிச் செடிகள் முகத்தில் அறைந்தன. பாதை காலுக்குத்தான் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. ஓடைச் சத்தம் வலப்பக்கம் கேட்டது, பிறகு கீழே கேட்டது. மரம் மேகத்துக்குள்ளிருந்து திடீரென்று முன்னால் வந்து நின்றது. பட்டை முழுக்கப் பிடுங்கிய தழும்பு. ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் கறுப்பாக நீர் கசிந்துகொண்டிருந்தது.

முதல் தகட்டை வைத்தாள். ஆணியை வைத்தாள்.

காளியண்ணனின் பேச்சு நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. ஒரு பேரு உடுபடக் கூடாது. வேறு யார் பேரைச் சொல்வது? மரியசெல்விக்குக் கண். கருப்பண்ணனுக்கு நெஞ்சு. கால் யார் யாருக்கு? கடவுளுக்குத்தான் தெரியும். காளியண்ணன் என்று ஒரு பேர் நாக்கு நுனிவரை வந்தது. இது ஷீனாவின் தகடாக இருந்து, அதன்மேல் குடிகாரன் பேரைச் சொல்லிவிட்டால்? அந்தப் பேரை அப்படியே விழுங்கினாள்.

"ஷீனா" என்றாள். அடித்தாள்.

அடுத்த தகடு. "ஷீனா."

அடுத்தது. "ஷீனா."

ஆணி வளைந்தது. வேறு ஆணி. "ஷீனா." கட்டைவிரலில் அடி விழுந்தது. "ஷீனா." அழுதுகொண்டே அடித்தாள். "ஷீனா, ஷீனா, என்ற தங்கம், ஷீனா." எல்லாத் தகட்டுக்கும் ஒரே பேர். ஒவ்வோர் ஆணி உள்ளே இறங்கும்போதும் மரம் பிடித்துக்கொள்வது கைக்குத் தெரிந்தது. பை காலியானது. கசிவு நின்றது. காடு அப்படியே அமைதியானது.

சுத்தியல் கையில் கனத்தது. மூச்சு வாங்கியது.

தூரத்தில், வீட்டுப் பக்கம், கதவு உடைந்தது.

பிறகு, காலடி. ஈர மண்ணில் சின்னதாக, விறுவிறுவென்று, குழந்தைக் காலடி. சசிரேகாவின் நெஞ்சே வெடித்துவிடும்போல இருந்தது. நடக்கிறாள். என் பிள்ளை நடக்கிறாள்!

"ஷீனா! இங்க இருக்கறங் கண்ணு! மெதுவா வா!"

"அம்மா!" சந்தோஷக் குரல். "அம்மா, கால் வந்துருச்சு!"

காலடி நெருங்கியது. அதோடு இன்னொரு காலடி. கனமாக, இழுத்து இழுத்து. யாரையோ கூட்டிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தாள். பிறகு இன்னொன்று. வெடித்த குதிகால் சரளையில் உரசுகிற சத்தம். மெட்டி கல்லில் இடறுகிற சத்தம். திருவிழாக் கூட்டம் ஒற்றையடிப் பாதையில் இறங்கி வருவதுபோலக் காலடிகள்.

குரல் மட்டும் ஒன்றே ஒன்று.

"அம்மா, எல்லாக் காலும் எனக்கே வந்துருச்சும்மா!"

மேகம் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கியது. முதலில் நீலப் பாவாடையின் ஓரம் தெரிந்தது. அதற்குக் கீழே ஷீனாவின் இரண்டு சின்னப் பாதங்கள், சேறு பூசி. அவற்றுக்குப் பக்கத்தில் யானைக்கால் ஒன்று. அதை ஒட்டி, பறங்கிக்காய் முட்டியோடு ஒரு கிழவனின் கால். மெட்டி போட்ட ஒரு பெண்ணின் கால், கணுக்கால் பின்னுக்குத் திரும்பி. நரம்பு சுருண்ட கால். கட்டுத்துணி அவிழ்ந்து மண்ணில் புரள்கிற கால். பாவாடைக்குள்ளிருந்து இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன, தரையைத் துழாவிக்கொண்டு, இடம் தேடிக்கொண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, அவற்றின் உயரத்தில் தூக்கிப் பிடிக்கப்பட்டு, மகளின் முகம். முன்பல் விழுந்த வாய் முழுக்கச் சிரிப்பு.

சசிரேகாவின் முதுகு மரத்தில் முட்டியது. தகடுகள் சுட்டன.

"ஓடி வரட்டுமாம்மா?" என்றாள் ஷீனா.

எல்லாக் கால்களும் ஒரே நேரத்தில் எழும்பின.